ரிப்பன் வெட்டாத செலவு

செலவு இரண்டு வகைப்படும். முதலினச் செலவு, வருவாயினச் செலவு. மெஷின் வாங்கினால் முதல் வகை; அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டால் இரண்டாவது வகை. ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதற்கு விளக்கமும் உதாரணங்களும் உண்டு. மூன்று வருஷம் பி.காம். படித்து, ரொக்க ஏடு, பேரேடு எல்லாம் மறந்துபோன பிறகும் இந்த ஒன்று மட்டும் என் மண்டையில் தங்கிவிட்டது. வருஷா வருஷம் பட்ஜெட் செய்தி படிக்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று, இதை என் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் திருத்தியும் வைத்திருக்கிறேன்.

ரிப்பன் வெட்ட முடிந்தால் அது முதலினச் செலவு. முடியாவிட்டால் வருவாயினச் செலவு.

சிரிக்காதீர்கள். கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம். பாலத்துக்கு வெட்டலாம். புது பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து வெட்டலாம். எந்த மந்திரியாவது ஒரு டின் கிரீஸுக்கு ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வாத்தியாரின் பத்தாவது வருஷச் சம்பளத்துக்கு யாராவது குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறார்களா?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு யானைக் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். கோயிலுக்கு யானை கொடுப்பவருக்கு மாலை, மரியாதை, பேப்பரில் போட்டோ எல்லாம் கிடைக்கும். மறுநாள் காலையில் யானை தழை கேட்கும். அதற்கு மறுநாளும் கேட்கும். வருஷம் 365 நாளும் தழை வெட்டிக்கொண்டு வந்து போடுகிறவரின் போட்டோ எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. யானை உயிரோடு இருப்பது அவர் புண்ணியத்தில்.

இந்த வாரம் நாம் பேசப்போகிற யானையின் பெயர் ஐ.டி.ஐ.

* * *

ஐ.டி.ஐ. என்றதும் அடுத்த பக்கத்துக்குத் தாவப் பார்க்கும் ஆபீஸ் நண்பர்களே, ஒரு நிமிஷம். இது உங்கள் வரிப்பணம். தவிர, உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு ஒரு தம்பி இருக்கலாம்.

1950-ல் மத்திய அரசு ஆரம்பித்த கைவினைஞர் பயிற்சித் திட்டம்தான் இதற்கு மூலம். 1956-ல் இந்தப் பயிற்சி நிலையங்களின் நிர்வாகம் மாநில அரசுகள் கைக்கு வந்தது. இன்றைக்கு நாடு முழுக்க ஏறத்தாழ 15 ஆயிரம் ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. அதில் முக்கால்வாசிக்கு மேல் தனியார். நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இருக்கிற இடங்களில் சுமார் பாதி காலியாகக் கிடக்கின்றன. கல்யாண மண்டபம் பாதி காலி என்றால் பெண் வீட்டார் மேல் குறை சொல்வோம். இதில் யாரைச் சொல்வது?

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2022-ல் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கும் திட்டம் போட்டது. மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு ஐ.டி.ஐ.க்கு 40 கோடி. ரோபோ வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் சி.என்.சி. மெஷின் வந்திருக்கிறது, மின்சார வண்டி ரிப்பேர் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். மத்திய அரசு 2025 மே மாதம் இதைவிடப் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டது. 1,000 அரசு ஐ.டி.ஐ.களைத் தூக்கி நிறுத்த ஐந்து வருஷத்தில் 60 ஆயிரம் கோடி. இதில் மத்திய அரசு 30, மாநிலங்கள் 20, தொழில் நிறுவனங்கள் 10. அந்த வருஷம் அக்டோபரில் பி.எம். சேது என்ற பெயரில் தொடங்கியும் வைத்தார்கள்.

நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. தாத்தா காலத்து லேத்தில் பழகிய பையன் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் போய் நின்றால், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பான். மெஷின் வேண்டும்தான். ஆனால் மெஷின் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை, எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

* * *

அம்மா மண்டபம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவரின் மகன். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். வெல்டர் டிரேடில் சேர அப்ளிகேஷன் பூர்த்தி செய்ய என்னிடம் வந்தான். எங்கள் தெருவில் எந்த ஃபாரம் என்றாலும் என்னிடம்தான் வரும், பி.காம். படிப்பின் நேரடிப் பலன் அது ஒன்றுதான்.

எதிர்வீட்டு மாமாவுக்கு விஷயம் தெரிந்து திண்ணையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"ஏண்டாப்பா, அந்தப் பையன் நன்னாப் படிக்கறவனாச்சே! அவனைப் போய் ஐ.டி.ஐ.ல சேக்கறயே? எதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல தள்ளிவிடப்படாதோ?"

மாமாவின் மகன் இன்ஜினீயர். மெக்கானிக்கல். சென்னையில் ஒரு வங்கிக்காக கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்களுக்கு போன் செய்து மிரட்டும் உத்தியோகத்தில் இருக்கிறான். தமிழ்நாட்டில் 550க்கு மேல் இன்ஜினீயரிங் காலேஜ்கள் இருந்த வருஷங்களில் படித்தவன். அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

போன மாசம் மாமா வீட்டில் மாடி டேங்க் குழாய் உடைந்தது. பிளம்பர் மூன்று நாள் டிமிக்கி கொடுத்தார். நாலாவது நாள் அவர் போனை எடுத்தபோது மாமா அவரை எப்படிக் கூப்பிட்டார் தெரியுமா?

"சார்... கொஞ்சம் பெரிய மனசு பண்ணி..."

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் தன் மானேஜரைக்கூட மாமா அந்தக் குரலில் கூப்பிட்டிருக்க மாட்டார். ஆனாலும் ஐ.டி.ஐ. என்றால் அவருக்கு இளக்காரம்தான். நம் ஊர் மரியாதைக் கணக்கு அப்படி. கை வேலை தெரிந்தவன் நம் வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை அதைக் கற்கக்கூடாது.

பையன் சேர்ந்துவிட்டான். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற நல்ல வாத்தியாருக்குத்தான் மெமோ போகும்.

* * *

இரண்டு மாசம் கழித்து எதிரில் வந்தான். "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"மெஷின் எல்லாம் புதுசுண்ணே. பளபளன்னு இருக்கு. நம்பர்லாம் எழுதி வச்சிருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"ராடுதான்ண்ணே. ஒரு நாளைக்கு ரெண்டு. சில நாள் மூணு."

வெல்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராடு என்பது மேலே மருந்து பூசிய கம்பி. அதில் கரண்ட் பாய்ந்து, நுனியில் தீப்பொறி பற்றி, கம்பியே உருகி இரண்டு இரும்பையும் ஒட்டவைக்கும். மெழுகுவத்தி மாதிரி எரிந்து தீர்ந்துவிடும். புதிதாகப் பழகுகிறவன் கையில் அது முதலில் பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுத்தால் அணைந்துவிடும். மறுபடி உரசினால் மறுபடி ஒட்டும். இரும்புக்கும் ராடுக்கும் நடுவே எத்தனை இடைவெளி, எந்தச் சாய்வு, எந்த வேகம் என்பதைப் புத்தகம் சொல்லும். ஆனால் படிக்க வேண்டியது மணிக்கட்டு. மணிக்கட்டுக்கு எழுத்து வாசனை கிடையாது. நூற்றுக்கணக்கில் ராடு எரித்தால்தான் அதற்குப் புரியும்.

"ஒரு ராடு எவ்வளவு நேரம்டா எரியும்?"

"ஒரு நிமிஷம். மிஞ்சிப்போனா ஒன்றரை நிமிஷம்ண்ணே."

எனக்குள்ளிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு ராடு, மூன்று நிமிஷம். வெல்டர் டிரேடு ஒரு வருஷப் படிப்பு. லீவு எல்லாம் போக 200 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 நிமிஷம். அதாவது ஒரு வருஷத்தில் பத்தே பத்து மணி நேரம். மீதி நேரத்தில் இன்னொருவன் தன் இரண்டு ராடை எரிப்பதை மற்ற எல்லோரும் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்க வேண்டும். பத்து மணி நேரத்தில் ஸ்கூட்டர்கூட ஓரளவுக்குத்தான் பழக முடியும். நாம் பாய்லர் பழகச் சொல்கிறோம்.

"கூடக் கொஞ்சம் ராடு கேக்கறதுதானே?"

"கேட்டோம்ண்ணே. சாருக்கு ஆசைதான். ஸ்டோர்லதான், 'எல்லாத்தையும் எரிச்சுட்டா ஆடிட்டுக்கு எதைக் காட்டறது?'ன்னு கேக்கறாங்க."

நான் அந்த ஸ்டோர்காரரைத் திட்டமாட்டேன். அவர் நிலையில் நின்று பாருங்கள். மெஷினுக்கு நம்பர் எழுதலாம். ஆடிட்டர் வந்தால் தொட்டுப் பார்க்கலாம். இருக்கிறதா? இருக்கிறது. டிக். ராடு? எரிந்து புகையாகிவிட்டது. அது எங்கே போனது என்று ரெஜிஸ்டரில் காட்ட முடியாது. உண்மையில் அது பையனின் மணிக்கட்டுக்குள் போயிருக்கிறது. ஆனால் மணிக்கட்டுக்கு ஸ்டாக் நம்பர் போட நம் அரசாங்கத்தில் விதி கிடையாது. அதனால் கடைசியில் மிச்சம் இருக்கிற ராடுதான் ஸ்டோர்காரருக்குப் பாதுகாப்பு. பையனுக்கோ எரிந்துபோன ராடுதான் படிப்பு.

தொழிற்கல்வியில் இதுதான் விசேஷம். பி.காம். வகுப்பில் கூடுதலாகப் பத்துப் பேரை உட்கார வைத்தால் கூடுதலாகப் பத்து நாற்காலி, அவ்வளவுதான். வெல்டிங்கில் ஒவ்வொரு பையனும் ஒவ்வொரு நாளும் பணத்தை எரிக்க வேண்டும். பார்க்கிறவருக்கு வீணடிக்கிற மாதிரித்தான் இருக்கும். வீணடித்தால்தான் கை வரும்.

நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பன் வெட்டாத செலவு எதுவுமே அரசு செய்வதில்லை என்று நினைக்க வேண்டாம். அரசு ஐ.டி.ஐ. பையனுக்கு மாசம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இலவச பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாசம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் வந்தன. ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும். ஆட்டோக்காரர் மகன் ஒரு வருஷம் சம்பாதிக்காமல் படிக்க முடிந்தது இந்தக் காசினால்தான். தழைக்கு வழி செய்தாயிற்று. இனி அந்தத் தழை வகுப்பறைக்கு உள்ளேயும் போக வேண்டும்.

* * *

திருச்சிக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கூடுதல் ஆதங்கம். ஏனென்றால் ராடு எரிப்பது எப்படி என்று மற்ற ஊர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் இது.

1960களின் நடுவில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு திருவெறும்பூர் பக்கம் பாய்லர் தொழிற்சாலை வந்தது. பேப்பரில் பி.எச்.இ.எல்., ஊரில் பெல். பாய்லர் என்பது வேறொன்றுமில்லை, மைல் கணக்கில் வளைந்து வளைந்து போகும் குழாய்கள். உள்ளே பயங்கர அழுத்தத்தில் நீராவி. குழாய்க்குக் குழாய் ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மின்நிலையம் நின்றுவிடும். அதனால் பெல் வெல்டர் என்றால் சும்மா இல்லை. பரீட்சை, எக்ஸ்ரே, மறுபரீட்சை எல்லாம் உண்டு. மனிதனுக்கு எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி ஒட்டுக்கும் எடுத்து, உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1975-ல் வெல்டிங்குக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்திருந்தது. பையன்கள் உள்ளே போய், மூத்தவர்கள் பக்கத்தில் நின்று பழகினார்கள். அங்கே ராடை எண்ணிக் கொடுத்தால் வேலை நடக்காது. பழகப் பழக உற்பத்தியும் ஆனது. கல்விச் செலவு தொழிற்சாலைச் செலவுக்குள் ஒளிந்துகொண்டது. அதை யாரும் கல்வி பட்ஜெட் என்று கூப்பிடவில்லை. துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஊரே ஒரு பெரிய ஐ.டி.ஐ. ஆனது.

அதற்கும் முன்னாலேயே பொன்மலை இருந்தது. 1920களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறிவந்த ரயில்வே பட்டறை. நாடு நீராவி இன்ஜினை மறந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, 2021-ல் ஊட்டி மலை ரயிலுக்காக நிலக்கரியில் ஓடும் புது நீராவி இன்ஜினையே செய்து அனுப்பினார்கள். வித்தை அங்கே சாகவில்லை. வேலை வந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 236 அடி, 13 நிலை. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1979-ல் ஆரம்பித்து 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. நிலைக்கு நிலை பணம் கொடுத்தவர்களைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. கட்டிய கைகள் எங்கே கற்றுக்கொண்டன என்ற பேச்சு இல்லை. ஸ்தபதிகள் பரம்பரையாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். 1957-லிருந்து அரசாங்கமே மாமல்லபுரத்தில் சிற்பம் சொல்லித் தருகிறது. அங்கே பையன்கள் உளியால் கல்லை உடைத்து உடைத்துத்தான் கற்கிறார்கள். "ஒரு நாளைக்கு இரண்டு அடி மட்டும் அடி, கல் வீணாகிறது" என்று சொன்னால் சிற்பி வருவாரா?

* * *

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் சுமார் 330 தொழில்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. பையன் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம் போவான். மற்ற நாளில் கம்பெனியில் நிஜ வேலை. உதவித்தொகையும் கம்பெனி தரும். ராடு செலவும் அதன் தலையில். அரசாங்கம் பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

"ஜெர்மனி பணக்கார நாடு சார்" என்பீர்கள். சரி, பக்கத்து இலங்கைக்கு வாருங்கள். 1950களின் கடைசியில் சின்ன நாடு, கையில் காசு குறைவு, ஓடவேண்டிய அரசு பஸ்கள் ஏராளம். மேற்கு ஜெர்மனி உதவியோடு பஸ் ரிப்பேருக்கு ஆள் தயாரிக்க ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்தார்கள். இன்று மொரட்டுவையில் இருக்கும் அதை ஜெர்மன் டெக் என்று சொன்னால் இலங்கையில் யாருக்கும் தெரியும். அதன் ரகசியம் ஜெர்மன் மெஷின் மட்டும் இல்லை. பழுதான நிஜ பஸ்கள் வரிசையில் நின்றன. பழகுவதற்குப் பஞ்சமில்லை.

சிங்கப்பூரில் ஐ.டி.இ. என்று ஒன்று 1992-ல் வந்தது. அந்த மூன்று எழுத்துக்கும் 'இதோடு எல்லாம் முடிந்தது' என்று அர்த்தம் வரும்படி அங்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேலி செய்தார்கள். எதிர்வீட்டு மாமா எல்லா தேசத்திலும் இருக்கிறார். அரசாங்கம் விடாமல் பணம் போட்டு, சிதறிக் கிடந்ததை மூன்று பெரிய கல்லூரிகளாக்கியது. கட்டடமும் கட்டினார்கள், வாத்தியார்களுக்கும் செலவு செய்தார்கள். கேலி முழுக்க ஒழியவில்லை. ஆனால் கேலியைக் கேட்டு யாரும் நிதியை நிறுத்தவில்லை.

நம் ஊரில் எது நடக்கக்கூடாதோ அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2015-ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐ.டி.ஐ. மாதிரி வருஷக் கணக்கு இல்லை. குறுகிய காலப் பயிற்சி, சர்ட்டிபிகேட். பயிற்சி மையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். 2015 முதல் 2022 வரை மூன்று கட்டங்களுக்குச் சுமார் 14 ஆயிரம் கோடி ஒதுக்கீடு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை தலைவரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பி.காம்.காரன் என்ற முறையில் ஆவலோடு பார்த்தேன். பயிற்சி பெற்றவர்களின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கு மேல் பேங்க் கணக்கு விவரம் காலி, அல்லது பூஜ்யம். எழுதியிருந்த சிலவற்றிலும் கணக்கு எண் 11111111111. ஒரே போட்டோ பல பேருக்கு ஒட்டப்பட்டிருந்தது. இரட்டையர் கேள்விப்பட்டிருக்கிறேன், மாநிலம் விட்டு மாநிலம் பிறந்த இரட்டையரை அங்கேதான் பார்த்தேன்.

தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் தலைகள் பெருகும். சர்ட்டிபிகேட்டை எண்ணினால் சர்ட்டிபிகேட் பெருகும். ராடை எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்த திட்டம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

* * *

பையன் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து சர்ட்டிபிகேட் வந்தது. சிங்கப்பூர் வேலைக்கு ஒரு ஏஜெண்ட் ஆள் எடுப்பதாகத் தெரிந்து டெஸ்டுக்குப் போனான். பழகினவர்கள் 6ஜி என்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்வாகக் கட்டி வைத்துவிடுவார்கள். அதைத் திருப்பக்கூடாது. வெல்டர்தான் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று சுற்றிச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் ஒட்டும்போது உருகிய இரும்பு முகத்தைப் பார்த்துச் சொட்டப் பார்க்கும்.

குழாயை வெட்டிப் பார்த்தார்கள். வெளியே அழகு. உள்ளே ஒட்டே பிடிக்கவில்லை. டெஸ்ட் எடுத்த பெரியவர் கோபப்படவில்லையாம். பையனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"தம்பி, இதுவரைக்கும் மொத்தம் எத்தனை ராடு எரிச்சிருக்க?"

சர்ட்டிபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய முன்பணம் அப்பா ஆட்டோவின் மேல் வாங்கிய கடன். மாமா திண்ணையிலிருந்து, "நான் அப்பவே சொன்னேனோல்லியோ?" என்றார். அம்மாக்காரி மட்டும், "கையில ஒண்ணும் கோளாறு இல்லைல்ல? அப்பறம் என்ன, மறுபடி பழகு" என்றாளாம்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறை முதலாளி. ஒரு காலத்தில் பெல்லுக்கு வேலை செய்து முப்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவர். ஆர்டர் குறைந்து இப்போது ஆறு பேர். ஆட்டோக்காரர் போய்ச் சொன்னதும், "சாயங்காலம் அனுப்பு. மிச்சம் விழுற ராடு, துண்டுப் பிளேட் எல்லாம் மூலையில கிடக்கு. எரிக்கட்டும்" என்றார். சம்பளம் கிடையாது, ஃபீஸும் கிடையாது. ஏழு மாசம். பகலில் கேட் வெல்டிங், சாயங்காலம் குழாய். கண்ணில் தீ பட்டு இரவெல்லாம் தூங்காத நாட்கள் உண்டு. முதல் மாசம் எரித்த ராடே வகுப்பில் ஒரு வருஷம் எரித்ததைவிட அதிகம் என்று கணக்குச் சொன்னான்.

இரண்டாவது டெஸ்டில் பாஸ். 1,100 கோடிக்கு மேல் செலவில் கட்டி 2024 ஜனவரியில் பிரதமர் திறந்து வைத்த நம் திருச்சி ஏர்போர்ட்டின் புது டெர்மினலிலிருந்து போனான். நாங்கள் நாலைந்து பேர் வழியனுப்பப் போனோம். க்யூவில் அவனை மாதிரியே பையன்கள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்போர்ட், சர்ட்டிபிகேட். எத்தனை பேர் கையில் உண்மையாகவே தொழில் இருக்கிறதோ, அங்கே போய்த்தான் தெரியும்.

1,100 கோடி டெர்மினலுக்கு அரசாங்கம் பணம் போட்டது. அந்த க்யூவில் இவன் நிற்கத் தகுதியாக்கிய கடைசி ஏழு மாசத்துக்குப் பணம் போட்டவர், கடன் தொல்லையில் இருக்கும் ஒரு பட்டறைக்காரர். அவர் செலவு எந்த பட்ஜெட்டிலும் இல்லை. எல்லாப் பையனுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கவும் மாட்டார்.

* * *

ஆகவே இந்த வார உபதேசம். தம்பியையோ தங்கையையோ ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் போகிறீர்களா? தாராளமாகச் சேருங்கள். முன்பக்கம் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். எரிந்த ராடு நுனிகள், வெட்டிப்போட்ட இரும்புத் துண்டுகள் குவியலாகக் கிடந்தால் நல்ல இடம். சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, டிரேடுக்கு நிரந்தர வாத்தியார் இருக்கிறாரா, அவர் கடைசியாகத் தொழிற்சாலைக்குள் போனது எப்போது என்று கேளுங்கள்.

மூன்று, போன வருஷம் முடித்த ஒரு பையனைப் பிடித்து, "ஒரு நாளைக்கு எத்தனை ராடு?" என்று கேளுங்கள். ஃபிட்டர் என்றால் எத்தனை இரும்புத் துண்டு அராவினாய், எலக்ட்ரீஷியன் என்றால் எத்தனை மோட்டாருக்கு வயர் சுற்றினாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவன் யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

அடுத்த பட்ஜெட்டில் கோடிகளை வாசிக்கும்போது, அதில் எரிக்கப்போவது எவ்வளவு என்று உங்கள் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் கேளுங்கள். தப்பாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

எதிர்வீட்டு மாமா நேற்றுக் கூப்பிட்டார். பேரன் இந்த வருஷம் ப்ளஸ் டூ. "ஏண்டாப்பா, அந்த பிளம்பிங் இருக்கே, அதுக்கு ஐ.டி.ஐ.ல எத்தனை வருஷம்?" என்று மெதுவாகக் கேட்டார். "பேரனுக்கா மாமா?" என்றேன்.

"சேச்சே! சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன். டேங்க் மறுபடியும் ஒழுகறது."